கொழும்பில் எந்தப் பகுதி? மகளிடமும் கேளுங்கள்

உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளியும் வந்து, பிள்ளைக்குக் கொழும்புதான் என்று உறுதியான பிறகு நமது வீடுகளில் ஒரு கூட்டம் கூடும். வாப்பா இருப்பார், மாமா இருப்பார், கொழும்பில் கடை வைத்திருக்கும் காக்கா ரெலிபோனில் இருப்பார். போகப் போகிற பிள்ளை குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பாள். "எங்கே தங்குறது?" என்ற கேள்வி அவளைத் தவிர எல்லோரிடமும் கேட்கப்படும். கலியாணம் முடித்து மாப்பிள்ளையின் வேலைக்காகக் கொழும்புக்குப் போகிறவளுக்கும் இதே கூட்டம்தான், இதே கேள்விதான்.

அந்தக் கூட்டத்தில் இடத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரே அளவுகோல். "நம்மட ஆக்கள் இரிக்கிற இடமா?" ஆம் என்றால் அட்வான்ஸ் கொடுபடும். இந்த அளவுகோலை நான் பிழை என்று சொல்லவில்லை. பெண் பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்புகிற உம்மாவின் நெஞ்சுக்கு அது ஆறுதல். ஆனால் அது ஒன்று மட்டும் போதாது. கொழும்பில் பதினெட்டு வருடங்களுக்கு மேல், மாணவியாகவும் வேலை செய்பவளாகவும் இரண்டு பிள்ளைகளின் தாயாகவும் வெவ்வேறு இடங்களில் இருந்து பார்த்த இக்கல்லூரியின் பழைய மாணவி என்ற வகையில் இதைப் பெற்றோரிடமும் தங்கைகளிடமும் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நமது ஊர் வழக்கத்தைப் பார்ப்போம். வீடு யாருக்கு என்ற கேள்விக்கு மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் எப்போதோ விடை சொல்லப்பட்டுவிட்டது. வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். இது முஸ்லிம்களின் வழக்கம் மட்டும் என்று நான் நினைத்திருந்த காலத்தில்தான் பழுகாமத்துப் பெண் ஒருத்தி எனக்குத் தோழியானாள். கொழும்பில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தோம். களுவாஞ்சிகுடியில் இறங்கி, பட்டிருப்புப் பாலத்தால் வாவியைக் கடந்து, பெரியபோரதீவு தாண்டினால் அவளுடைய ஊர். அது படுவான்கரை, நாம் இருக்கிற கடற்பக்கம் எழுவான்கரை. 1990க்குப் பிறகு அந்த வாவியைக் கடப்பது இரு பக்கத்தாருக்குமே இலேசாக இருக்கவில்லை. ஒரே வாவியின் இரு கரைகளில் வளர்ந்த நாங்கள் முதன்முதலாகப் பேசிக்கொண்டது கொழும்பில்தான்.

யுத்தம் முடிந்த பிறகு பழுகாமத்தில் அவளுடைய வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா வளவைச் சுற்றிக் காட்டினார். முன்னுக்கு இருக்கிற கல்வீடு மூத்த மகளுக்கு. பக்கத்தில் அத்திவாரம் போட்டிருப்பது இளையவளுக்கு. அம்மாவும் அப்பாவும் பின்னால் ஒரு சிறிய வீட்டில். "ஆம்புளப் புள்ளையள் எங்கயும் போய்ச் சேருவாங்கள் புள்ள, வளவு பொம்புளப் புள்ளைக்குத்தான்" என்றார். என் உம்மாவின் வாயிலிருந்து வருகிற அதே பேச்சு. அக்கரைப்பற்றில் நீண்ட காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008 இல் வெளியிட்ட நூலில், தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரிடமும் உள்ள இந்தத் தாய்வழிக் குடிமுறையைப் பற்றியும் பெண் வீட்டில் குடியேறும் வழக்கத்தைப் பற்றியும் விரிவாக எழுதியிருக்கிறார். கோயிலும் பள்ளியும் வேறு. வளவின் சட்டம் ஒன்று.

இந்த வழக்கத்தைப் புகழ்ந்து மட்டும் பேச முடியாது. மகள்மாருக்கு வீடு கட்டுவதற்காக வாப்பாமார் கடனாளியாகிறார்கள். ராத்தாவின் வீட்டுக்குக் கூரை போடுவதற்காகப் படிப்பை விட்டுவிட்டுக் கட்டாருக்கும் சவூதிக்கும் போன தம்பிமார் எத்தனை பேர்! ஒரு வளவை இரண்டாக்கி, இரண்டை நான்காக்கி, கடைசியில் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் வீடுகளைக் காத்தான்குடியில் போய்ப் பார்க்கலாம். அந்த வளவைக் கூடப் பெண் தெரிவு செய்ததில்லை. அது அவளுக்குக் கொடுக்கப்பட்டது.

ஆனாலும் அதற்குள் ஒரு நல்ல நியாயம் இருக்கிறது. ஒரு வீட்டில் அதிக நேரம் இருப்பவள், அந்தத் தெருவை அதிகம் பாவிப்பவள், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அடுத்த கதவைத் தட்டுபவள் பெண். ஆகவே இடம் அவளுக்குத் தோதாக இருக்க வேண்டும் என்பதே அந்த நியாயம். உம்மா பக்கத்தில், சாச்சி பின்னால், ராத்தா எதிர்ப்பக்கம் என்று இருப்பதால்தான் நமது பெண்களுக்குப் புகுந்த வீட்டுப் பயம் என்று ஒன்று பெரிதாக இல்லை. இவ்வளவு காலம் இந்த நியாயத்தோடு வாழ்ந்த நாம், கொழும்பு பஸ்ஸில் ஏறியதும் அதை இறக்கி வைத்துவிடுகிறோம். அங்கே இடத்தைத் தீர்மானிப்பது மாப்பிள்ளையின் கந்தோர், அல்லது காக்காவின் கடை, அல்லது புரோக்கரின் வாய்.

கொழும்பு என்று நாம் ஒரு பெயரில் சொல்வது ஓர் ஊர் இல்லை. மாநகரம் மட்டுமே கொழும்பு 1 முதல் 15 வரை பிரிந்து கிடக்கிறது. கோட்டை 1, கொம்பனித்தெரு 2, வெள்ளவத்தை 6, கறுவாத்தோட்டம் 7, தெமட்டகொட 9, மருதானை 10, புறக்கோட்டை 11, கொட்டாஞ்சேனை 13, கிராண்ட்பாஸ் 14, மட்டக்குளியும் முகத்துவாரமும் 15. இலக்கம் மாறினால் வாடகை மாறும், மொழி மாறும், இரவு ஏழு மணிக்குத் தெரு இருக்கிற விதமும் மாறும். மாநகர எல்லைக்கு வெளியே தெஹிவளை, கல்கிசை, கொலன்னாவை, வெல்லம்பிட்டி, நுகேகொட என்று இன்னும் எத்தனையோ. இவ்வளவையும் "நம்மட ஆக்கள் இருக்கிற இடம்", "இல்லாத இடம்" என்று இரண்டே பெட்டிக்குள் போட்டுவிட முடியுமா?

எனக்கு விடுதி கிடைக்காத வருடத்தில் முதலில் பார்க்கப்பட்ட அறை நகரின் வடக்குப் பக்கத்தில், உறவினர் ஒருவரின் கடைக்குக் கிட்ட. பள்ளி பக்கத்தில், சாப்பாட்டுக் கடை பக்கத்தில், சுற்றிவர நம்மவர்கள். வாப்பா நிம்மதியாக ஊருக்குத் திரும்பினார். ஆனால் கம்பஸுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மாலை விரிவுரை முடிந்து இரண்டாவது பஸ்ஸால் இறங்கும் இடத்திலிருந்து வீட்டுக்கு நடக்கிற பாதையில் லொறிகள் நிற்கும், வெளிச்சம் இல்லை. அதனால் ஒவ்வொரு பின்னேரமும் விரிவுரை முடிவதற்கு இருபது நிமிடத்துக்கு முன் எழுந்து வந்தேன். ஒரு தவணை முழுவதும் அப்படி. என்னைப் பாதுகாக்கத் தெரிவு செய்த இடம் என் படிப்பில் தினமும் இருபது நிமிடத்தை எடுத்துக்கொண்டது. அந்த அறையைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஆண்கள், வந்தது பகல் பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் அந்தத் தெரு நல்ல தெருதான்.

பிறகு பழுகாமத்துத் தோழியோடு வெள்ளவத்தைக்கு மாறினேன். வாடகை கூட. ஆனால் காலி வீதியில் 100, 101 பஸ்கள் ஓயாமல் ஓடும். கரையோர றெயிலில் ஏறினால் பம்பலப்பிட்டிக்கு அடுத்த ஸ்டேசன். இரண்டு பஸ் காசும் முச்சக்கர வண்டிக் காசும் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது, "வாடகை குறைந்த" பழைய அறைக்கும் புதிய அறைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. வாடகையைத் தனியாகப் பார்ப்பது நமது இன்னொரு வழக்கம். வாடகையோடு போக்குவரத்துக் காசையும், போய் வருகிற நேரத்தையும், அந்தக் களைப்பையும் சேர்த்துத்தான் ஓர் இடத்தின் விலையைப் பார்க்க வேண்டும்.

குறைந்த வாடகைக்குப் பின்னால் சில நேரம் வேறு காரணமும் இருக்கும். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கத்தில் வீடுகள் நாட்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தன. நமது சமூகத்தவர் நிறையப் பேர் வாழும் பகுதிகள் அவை. அடுத்த வருடம் 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று, அதே பக்கத்தில் மீதொட்டமுல்ல குப்பை மேடு வீடுகளின் மேல் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குப்பை மலை ஒரே இரவில் வளரவில்லை. அங்கிருந்தவர்கள் வருடக்கணக்காகச் சத்தமிட்டார்கள். அங்கே வீடு எடுத்தவர்கள் வசதி இல்லாமல்தான் எடுத்தார்கள், அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் தெரிவு செய்யக்கூடிய நிலையில் உள்ளவர்கள், "நம்மட ஆக்கள் இரிக்காங்க" என்ற ஒரே திருப்தியோடு, தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்காமல் முற்பணம் கொடுப்பது சரியா?

இனி, எல்லோர் மனதிலும் இருக்கிற பெரிய பயத்துக்கு வருவோம். "ஒரு பிரச்சினை வந்தால்?" இந்தப் பயம் கற்பனை இல்லை. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் தமிழர்களின் வீடுகள் எரிந்தன. 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூறுக்கும் மேற்பட்டோரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. அன்றிரவு என் தோழி மாணவர் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு நாங்கள் வீடு மாற வேண்டி வந்தபோது, ரெலிபோனில் எல்லாம் பேசி முடித்துப் பெயரைச் சொன்னதும் "வீடு போயிட்டு" என்று ஒரு உரிமையாளர் வைத்துவிட்டார். அடுத்த கிழமையும் அந்த வீட்டின் வாசலில் "வாடகைக்கு" என்ற போர்ட் தொங்கியது. பழுகாமத்துப் பெண்ணுக்கு 2007 என்றால் எனக்கு 2019. ஆகவே பயப்படுகிற பெற்றோரை நான் கேலி செய்ய மாட்டேன்.

ஆனால் நம்மவர்கள் நெருங்கி வாழும் இடம் என்பதே பாதுகாப்புக்கு உத்தரவாதம் என்று நினைப்பது சரியா என்று பாருங்கள். 2013 ஆகஸ்டில் கிராண்ட்பாஸில் ஒரு பள்ளிவாசல் தாக்கப்பட்டது. நம்மவர்கள் அதிகம் வாழும் பகுதிதான் அதுவும். இந்தியாவில் 1992, 93 மும்பைக் கலவரத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் பாதுகாப்புத் தேடி நகருக்கு வெளியே மும்ப்ராவுக்குப் போனார்கள். பாதுகாப்புக் கிடைத்தது; நல்ல தண்ணீரும் மின்சாரமும் பாடசாலையும் கிடைக்க நீண்ட காலம் போராட வேண்டியிருந்தது. எல்லோரும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டால் அந்த இடத்தை மற்றவர்கள் மறப்பதும் இலேசாகிவிடுகிறது.

சிங்கப்பூர் இதற்கு நேர் எதிரான வழியில் போனது. அங்கே அரசாங்கத் தொடர்மாடிகளில் எந்த இனத்தவர் எத்தனை வீதம் இருக்கலாம் என்று ஒவ்வொரு கட்டடத்துக்கும் 1989 முதல் ஓர் உச்ச அளவு உண்டு. அதனால் எந்த இனத்தவரும் ஒரே இடத்தில் குவிய முடியாது. ஆனால் சிறுபான்மையினர் தமது வீட்டை விற்கப் போனால் வாங்கக்கூடியவர் தொகை குறைந்துவிடுகிறது என்ற மனக்குறையும் அங்கே இருக்கிறது. நமது நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. இங்கே ஒவ்வொரு குடும்பமும் தானாகவே தெரிவு செய்கிறது. அதனால் அந்தத் தெரிவை யோசித்துச் செய்யும் பொறுப்பும் குடும்பத்துக்குத்தான்.

பிரச்சினை வருகிற நேரத்தில் உண்மையில் உதவுவது யார்? 2007 இல் அந்த இரவில் எங்கள் அறைக் கதவைத் தட்டியது எதிர்வீட்டுச் சிங்கள அம்மா. "பொலிஸ் வந்தால் முதலில் என்னைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். உறவினரின் கடை ஆறு கிலோமீற்றர் தள்ளி, அந்த நேரத்தில் பூட்டியிருந்தது. தனக்கு இரண்டு அயலவர் இருக்க யாருக்கு அன்பளிப்புக் கொடுப்பது என்று ஆயிஷா நாயகி கேட்டபோது, யாருடைய வாசல் கிட்ட இருக்கிறதோ அவருக்கு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஹதீஸில் படித்திருக்கிறோம். அங்கே அளவுகோல் வாசலின் தூரம். வீடு பார்க்கப் போகும்போது முழுப் பகுதியிலும் நம்மவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுகிற நாம், எதிர் வாசலில் யார் இருக்கிறார் என்று ஒரு தடவை பேசிப் பார்த்தோமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ் மட்டும் பேசப்படும் தெருவில் நான்கு வருடம் இருந்துவிட்டு, பட்டத்தோடு வெளியே வந்து, ஒரு கந்தோரில் சிங்களத்தில் ஒரு கடிதம் விளங்காமல் நிற்கும் நமது பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். எனக்குச் சிங்களம் வந்தது அந்த எதிர்வீட்டு அம்மாவாலும், சந்தியில் மரக்கறி விற்ற மனுசியாலும்தான். ஓர் இடத்தில் இருப்பதும் ஒரு படிப்புத்தான்.

அப்படியென்றால் பள்ளியும் ஹலால் கடையும் வேண்டாமா? வேண்டும். ஆனால் பத்து நிமிட நடையில் ஒரு பள்ளியும், நம்பிச் சாப்பிட ஒரு கடையும் இருந்தால் போதும். கொழும்பில் அது கிடைக்கும் பகுதிகள் நாம் நினைப்பதைவிட அதிகம். தெருவில் உள்ள எல்லா வீடும் நம்முடையதாக இருக்கத் தேவையில்லை.

பெற்றோருக்குச் சில வேண்டுகோள்கள். அட்வான்ஸ் கொடுக்க முன் மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், உம்மாவும் போகட்டும். பகலில் ஒரு தடவை பார்த்தது போதாது. மஃரிபுக்குப் பிறகு, அவள் தினமும் இறங்கப் போகிற பஸ் தரிப்பிடத்தில் இறங்கி, வீடு வரை நடந்து பாருங்கள். 2016 இல் இங்கே தண்ணீர் வந்ததா என்று புரோக்கரிடம் கேட்காமல் அயல் வீட்டில் கேளுங்கள். எதிர்வாசலில் உள்ளவரிடம் சலாமோ வணக்கமோ ஆயுபோவனோ, ஒரு வார்த்தை பேசுங்கள். ஊரிலிருந்து வருகிற இரவு பஸ் விடியற்காலையில் கொண்டுபோய் இறக்கும் இடத்திலிருந்து அவள் எப்படி வீடு போய்ச் சேருவாள் என்றும் யோசியுங்கள். கடைசியாக, "உனக்கு இந்த இடம் சரியா?" என்று அவளிடமே கேளுங்கள். வேண்டாம் என்று அவள் சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

தங்கைகளே, உங்களுக்கும் ஒன்று. "எனக்கு அங்கே பிடிக்கவில்லை" என்று மட்டும் சொன்னால் எந்த வாப்பாவும் கேட்க மாட்டார். இரண்டு இடங்களை எடுத்து, வாடகை எவ்வளவு, பஸ் காசு எவ்வளவு, எத்தனை மணிக்கு வகுப்பு முடியும், எத்தனை மணிக்கு வீடு வரலாம் என்று ஒரு தாளில் எழுதி அவர் முன் வையுங்கள். அழகான உணவகமும் கடற்கரையும் உள்ள இடம் என்பதற்காக ஒரு பகுதியைக் கேட்டால், நானும் உங்கள் வாப்பாவின் பக்கம்தான். உங்கள் நாளை நீங்களே அளந்து காட்டினால், வீட்டில் கதைப்பதற்கு ஓர் அடிப்படை இருக்கும்.

இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் அனுமதி கிடைத்தும் போகாமல் நிற்கும் பிள்ளைகளைப் பற்றிக் கேள்விப்படுகிறேன். "தங்குறதுக்கு நல்ல இடம் கிடைக்கல்ல" என்பார்கள். உண்மையில் தேடியது ஒரே ஒரு மாதிரியான இடம்; அது கிடைக்காதபோது கொழும்பு முழுவதும் கூடாத இடமாகிவிட்டது. வெட்டுப்புள்ளி தாண்டிய ஒரு பிள்ளை ஓர் அறைக்காக வீட்டில் இருப்பது நமது சமூகம் தாங்கக்கூடிய நட்டமா?

நமது கல்லூரியின் பழைய மாணவிகள் கொழும்பின் பல பகுதிகளில் இருக்கிறோம். யார் எந்தப் பகுதியில் இருக்கிறார், அங்கே மாலையில் தெரு எப்படி, தண்ணீர் எப்படி, எந்த வீட்டு மாடியில் பெண் பிள்ளைகளுக்கு அறை உண்டு என்று ஒரு பதிவேடு வைத்தால், அடுத்த வருடம் போகிற பிள்ளைக்குப் புரோக்கர் தேவையில்லை. பழைய மாணவிகள் சங்கம் இதை இந்த வருடமே தொடங்கலாம். நான் இருக்கும் பகுதியின் விபரங்களை எழுதித் தர ஆயத்தமாக இருக்கிறேன். பழுகாமத்துத் தோழியும் தன் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதே பதிவேட்டைக் கேட்டிருக்கிறாள். அவர்களுக்கும் அதில் ஒரு பக்கம் விடுவோம்.